சுங்கான் புகையிலையும் நம் ஊர் ஈரக்காற்றும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலஞ்சென்ற தம் தந்தையின் சுங்கானையும் (புகைக்கும் குழாய், ஆங்கிலத்தில் பைப்) பாதி தீர்ந்த ஒரு டப்பா புகையிலையையும் கெடாமல் வைத்திருப்பது எப்படி என்று சென்ற வாரம் தங்கள் வாசகர் பக்கத்தில் ஓர் அம்மையார் கேட்டிருந்தார். டப்பாவுக்குள் ஓர் ஆப்பிள் துண்டையோ உருளைக்கிழங்குத் தோலையோ போட்டு மூடிவைத்தால் புகையிலை காயாமல் பதமாக இருக்கும் என்று இவ்வாரம் மற்றொரு வாசகர் பதில் எழுதியிருக்கிறார். அவர் நல்ல எண்ணத்துடன்தான் எழுதியிருப்பார். ஆனால் அந்த யோசனை, குளிர்காலத்தில் கணப்பு எரியும் வீடுகளில் புகையிலை சருகாகிவிடுகிறதே என்று கவலைப்பட்டவர்களுக்காகச் சொல்லப்பட்டது. சிங்கப்பூரில் அதைச் செய்தால் அம்மையாருக்கு மிஞ்சப்போவது பூசணம்தான்.

இதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஃபிட்டராக வேலை பார்த்த என் தந்தைக்கு அங்கிருந்த வெள்ளைக்கார மேலாளரிடமிருந்து தொற்றிய சுங்கான் பழக்கம், அவருக்குப் பின் எனக்கும் வந்து சேர்ந்தது. அது உடம்புக்கு ஆகாது என்று மருத்துவரும் என் மனைவியும் பலமுறை சொல்லிவிட்டார்கள். இருவரும் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை, இளையவர் எவருக்கும் இதைப் பரிந்துரைக்கவும் மாட்டேன். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆண்டில், இதே ஆப்பிள் யோசனையை யாரோ சொல்லக் கேட்டு, புதிதாகத் திறந்த 100 கிராம் டப்பாவில் ஒரு துண்டைப் போட்டு மூடி, அலமாரியில் வைத்துவிட்டுச் சென்னைக்குப் போனேன். பத்து நாள் கழித்து வந்து திறந்தபோது ஆப்பிள் துண்டு சுருங்கிக் கறுத்திருந்தது; அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குப் புகையிலையின் மேல் வெள்ளைப் பஞ்சு படர்ந்திருந்தது. நனைந்த சாக்கு நாற்றம். முழுவதையும் குப்பையில் கொட்டினேன். பூசணம் பிடித்த பகுதியை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மிச்சத்தைப் புகைக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது கூடவே கூடாது.

இந்தத் தீவில் ஆண்டுச் சராசரியாகக் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் அது 90-ஐத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். சுங்கான் புகையிலையோ 60 முதல் 65 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றோடு இருக்கும்போதுதான் பதமாக இருக்கிறது. 70-க்கு மேல் போகப்போகப் பூசணத்துக்கு வழி திறந்துவிடுகிறது. பொரித்த அப்பளத்தைத் தட்டில் மறந்து வைத்தால் நமுத்துப் போவதைப் போல, திறந்து கிடக்கும் புகையிலையும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அதே புகையிலையை இரவெல்லாம் குளிர்சாதனம் ஓடும் படுக்கையறையில் வைத்தால் உள்ள ஈரத்தையும் விட்டுவிட்டுக் காய்கிறது. ஒரே வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்குள் கூடத்தில் நமுத்தும் அறையில் காய்ந்தும் அது படும் பாட்டைத் தடுக்க ஒரே வழி, வெளிக்காற்று அதன்மேல் படாமல் செய்வதுதான். தனியாக ஈரம் சேர்க்க வேண்டிய தேவை இங்கே பெரும்பாலும் எழுவதில்லை.

அதற்குக் கண்ணாடிப் புட்டியை விஞ்சியது எதுவும் இல்லை. ரப்பர் வளையமும் கம்பிக் கொக்கியும் வைத்த புட்டியோ, 1858-இல் ஜான் மேசன் என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்ற திருகுமூடிப் புட்டியின் வழிவந்ததோ, எதுவானாலும் சரி. பெரிய புட்டி ஒன்றை நாள்தோறும் திறப்பதைவிட, 50 கிராம் கொள்ளும் சிறு புட்டிகள் சிலவற்றில் பிரித்து நிரப்பி ஒவ்வொன்றாகத் திறப்பது மேல். மெல்லிய பிளாஸ்டிக் பை போதாது. ஈரமும் மணமும் அதன் வழியே மெல்ல மெல்லக் கசிகின்றன. வாங்கிய தகர டப்பாவிலேயே விட்டுவைக்கலாமே என்றால், ஒருமுறை திறந்த டப்பாவின் மூடி முன்போல் இறுக மூடுவதில்லை. திறக்காத டப்பாவும் நம் ஊர்க் காற்றில் விளிம்பில் துருப்பிடித்து, ஊசிமுனைத் துளை விழுந்து காற்றை உள்ளே விட்டுவிடும். பழைய ஊறுகாய்ப் புட்டியைக் கழுவிப் பயன்படுத்தலாம் என்று எண்ணுபவர்களுக்கு ஒரு வார்த்தை: கண்ணாடியிலிருந்து வாடை போய்விடும், மூடியின் உள்வளையத்திலிருந்து போகாது. பூண்டு ஊறுகாய் மணத்தோடு இரண்டு மாதம் புகைத்தவன் சொல்கிறேன்.

பதம் பார்க்கக் கருவி எதுவும் தேவையில்லை. ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் அழுத்திவிட்டு விடுங்கள். உருண்டையாக ஒட்டிக்கொண்டே இருந்தால் ஈரம் அதிகம். அதைப் புகைத்தால் அடிக்கடி அணைந்து, சுங்கானுக்குள் நீர் கொறகொறத்து, நாக்கு எரியும். நொறுங்கித் தூளானால் காய்ந்துவிட்டது; விரைவாக எரிந்து மணமின்றித் தீர்ந்துபோகும். மெல்லப் பிரிந்து விரிந்தால் அதுவே பதம். ஈரமானதைத் தாளில் பரப்பிக் குளிர்சாதன அறையில் அரை மணி நேரம் வைத்தால் போதும், வெயிலில் காட்டக் கூடாது. காய்ந்ததைக் கிண்ணத்தில் பரப்பி, ஈரத்துணியைப் புகையிலையில் படாமல் கிண்ணத்தின் வாயில் போர்த்தி, மணிக்கு ஒருமுறை கிளறிப் பார்க்க வேண்டும். குளிர்பதனப் பெட்டியில் வைப்பதால் பயனில்லை. வெளியே எடுத்ததும் புட்டியில் நீர் கோத்துக்கொள்கிறது.

நம் சமையலறையில் கொத்தமல்லி விதையையும் மிளகாயையும் மஞ்சளையும் துளைத்துத் தூளாக்கும் சிறிய பழுப்பு வண்டு இருக்கிறதே, அதே வண்டுதான் புகையிலையையும் தின்கிறது. ஆங்கிலத்தில் அதற்குச் சிகரெட் வண்டு என்றே பெயர். ஆகவே புகையிலைப் புட்டியை மசாலா அலமாரியில் வைக்காதீர்கள். புகையிலையில் குண்டூசித் துளைகளோ மெல்லிய தூளோ தென்பட்டால், நன்றாக மூடிய பையில் இட்டு உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்து, பிறகு ஒருநாள் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டு வெளியே எடுத்தால் புழுவும் முட்டையும் செத்துவிடும்.

பயணத்தின்போது நிலைமை தலைகீழ். விமானத்தினுள் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடும். லண்டனில் இருக்கும் மகனைப் பார்க்கக் குளிர்காலத்தில் சென்றபோது, தோல்பையில் கொண்டுபோன புகையிலை மூன்றாம் நாளே சருகாகிவிட்டது. ஈரத்துணி வைத்தியம் எனக்கு உண்மையாகக் கைகொடுத்தது அங்கேதான். அதன்பின், பயண நாட்களுக்கு வேண்டியதை மட்டும் சிறு கண்ணாடிப் புட்டியில் எடுத்துக்கொண்டு, அன்றாடத் தேவையை மாத்திரம் பையில் போட்டுக்கொள்கிறேன்.

திரும்பி வருகையில் சுங்கத் தீர்வையை மறக்கக் கூடாது. சிங்கப்பூருக்குள் கொண்டுவரும் புகையிலைக்கு எவ்வளவு சிறிதானாலும் தீர்வை விலக்குக் கிடையாது. மதுபானத்துக்கு உள்ள சலுகையை நினைத்துக்கொண்டு பலர் இதில் ஏமாறுகிறார்கள். சாங்கி விமான நிலையத்தில், தீர்வை கட்ட வேண்டியவர்கள் செல்லும் சிவப்பு வழித்தடத்துக்குச் சென்று 50 கிராம் டப்பாவை நீட்டினேன். அதிகாரி முகத்தில் சிறு வியப்பு இருந்தாலும் கணக்குப் போட்டு வரியை வாங்கிக்கொண்டார், ஐந்து நிமிட வேலை. மூக்குப்பொடி, குட்கா, கைனி ஆகியவை இங்கே 2016 முதல் தடைசெய்யப்பட்டவை என்பதால் வரி கட்டியும் கொண்டுவர இயலாது. ஊரிலிருந்து வரும் பெரியவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

இனி அந்த அம்மையாருக்கு. தமக்குப் புகைக்கும் எண்ணம் இல்லை, தந்தையின் சட்டைப்பையில் வீசிய அந்த மணம் போய்விடக் கூடாது என்பதே கவலை என்று அவர் எழுதியிருந்தார். அப்படியானால் மேலே நான் சொன்ன பதம் எதுவும் அவருக்குத் தேவையில்லை. சற்றுக் காய்ந்த புகையிலையில் பூசணம் வராது. ஆகவே அதற்கு ஈரம் காட்டவே வேண்டாம். டப்பாவிலிருப்பதை எடுத்து, அது நிறையும் அளவுக்குச் சிறிய, புதுக் கண்ணாடிப் புட்டியில் போட்டு இறுக மூடி, வெளிச்சம் படாத இடத்தில் வைக்கட்டும். சுங்கானை அதே புட்டியில் போட வேண்டாம். உள்ளே படிந்திருக்கும் கரி ஈரத்தை இழுக்கும். குழாய்த் துடைப்பானால் ஒருமுறை துடைத்து, துணிப்பையில் தனியாக வைக்கலாம். வாய்வைக்கும் கறுப்புப் பகுதி வெளிச்சம் பட்டால் பழுப்பேறும். திறக்கத் திறக்க மணம் குறையும் என்பதால், புட்டியை ஆண்டுக்கு ஒருமுறை தந்தையின் திதியன்று மட்டும் திறந்தால் போதும்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர் ஒருவர்