ஒளிந்துகொள்ளும் சிக்லிட் மீன்கள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் பெருமக்களுக்கு,

வணக்கம். டிஸ்கஸ், ஏஞ்சல், செவரம், ராம் முதலிய, சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்த அலங்கார மீன்களை எங்களிடம் வாங்கிச் சென்றவர்களில் பலர் ஒரு வாரம் கழித்து வந்து, கடையில் நன்றாக நீந்திய மீன் வீட்டில் மூலையை விட்டு நகர மறுக்கிறது என்று வருத்தப்படுகிறார்கள். சிலர் அதை நோய் என்று எண்ணி மருந்து கேட்கிறார்கள். வேறு சிலரோ, ஒளிய இடம் இருப்பதால்தான் ஒளிகிறது என்று முடிவு செய்து, கட்டையையும் கல்லையும் எடுத்துவிட்டுத் தொட்டியை மொட்டையாக்கி விடுகிறார்கள். இந்த இரண்டாவது வைத்தியம்தான் மீனை மேலும் கெடுக்கிறது என்பதால் இம்மடலை எழுதுகிறோம்.

கடைத் தொட்டியும் மொட்டைதானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அங்கே உங்கள் மீன் இருபது உடன்பிறப்புகளோடு இருந்தது. ஒன்று பயந்தாலும் மற்றவை தின்பதைப் பார்த்துத் தானும் வந்துவிடும். வீட்டில் அது தனியாகவோ இரண்டு மூன்றாகவோ நிற்கிறது. முன்பெல்லாம் ஒற்றை டிஸ்கஸைக்கூடக் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்தது எங்கள் தவறு. இப்போது ஐந்தாறாக வாங்கும்படி சொல்வதை விற்பனைத் தந்திரமாக எண்ண வேண்டாம்.

அமேசான் ஆற்றுப் படுகையில் டிஸ்கஸ் வாழுமிடம், நீரில் விழுந்து கிடக்கும் மரக்கிளைகளின் இடுக்கு. தட்டுப் போன்ற அதன் உடலும் அதிலுள்ள செங்குத்துப் பட்டைகளும் அந்தக் கிளைகளுக்கிடையே நழுவி மறையவே ஏற்றவை. ஓடி ஒளிய இடம் அருகிலேயே இருக்கிறது என்று தெரிந்த மீன்தான் துணிந்து நடுவில் வந்து நிற்கும். இடமில்லாத மீன் கடைசிவரை மூலையிலேயே கறுத்து நிற்கும். ஆகவே மறைவிடத்தைக் கூட்டுங்கள், குறைக்காதீர்கள். டிஸ்கஸுக்கும் ஏஞ்சலுக்கும் செங்குத்தாக நிற்கும் கட்டைகளும் நீண்ட இலைச் செடிகளும் பொருந்தும். ராம், அப்பிஸ்டோகிராமா போன்ற சிறியவற்றுக்கு, தேங்காய்ச் சிரட்டையில் மீன் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, நாரையும் பருப்பையும் சுரண்டி, நன்கு கொதிக்கவைத்துக் கவிழ்த்தால் போதும். உடைந்த மண்சட்டியும் ஆகும், ஆனால் வண்ணம் பூசிய பொங்கல் பானை வேண்டாம். தொட்டியின் பின்புறத்திலும் இரு பக்கங்களிலும் கறுப்புத் தாள் ஒட்டுவதற்கு ஓரிரு ரிங்கிட்தான் ஆகும். எங்கள் அனுபவத்தில் இதைவிட மலிவாகப் பலன் தந்தது வேறில்லை.

காய்ந்து உதிர்ந்த கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை பினாங்குக் கடற்கரையெங்கும் கிடைக்கிறது. களைக்கொல்லி தெளிக்காத இடத்தில் பொறுக்கி, கழுவி, ஐம்பது லிட்டருக்கு ஓர் இலை வீதம் போட்டால், நீர் வெகுவாக நீர்த்த தே ஓ (பாலில்லாத் தேநீர்) நிறத்துக்கு மாறி வெளிச்சத்தைத் தணிக்கும். ஆப்பிரிக்காவின் மலாவி, தாங்கனிக்கா ஏரிகளைச் சேர்ந்த சிக்லிட்டுகளுக்கு மட்டும் இது கூடாது. அவற்றுக்குக் காரத்தன்மையுள்ள கடின நீர் வேண்டும்.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடி வீட்டில், நான்கடித் தொட்டியில் ஆறு டிஸ்கஸ்கள் நாள் முழுவதும் அடியில் ஒட்டிக் கிடந்தன. நீரைச் சோதித்தோம், குறையில்லை. வெப்பநிலையும் 29 பாகை, சரியாகவே இருந்தது. காரணம் புரியாமல் நின்றபோது, "அங்கிள், ஃபேன் போட்டாத்தான் இதுங்க ஓடி ஒளியும்" என்றாள் அந்த வீட்டுச் சிறுமி. அண்ணாந்து பார்த்தோம். குழல்விளக்குக்குக் கீழே சுழன்ற விசிறியின் நிழல் நீர்மேல் ஓயாமல் குறுக்கே வெட்டிக்கொண்டிருந்தது. மேலிருந்து வரும் நிழலென்றால் மீனுக்குப் பறவை என்றே பொருள். விசிறியை நிறுத்திய பத்து நிமிடத்தில் ஒன்று மெல்ல முன்னே வந்தது. இப்போது அத்தொட்டியின் பாதி நீர்ப்பரப்பை ஆகாயத்தாமரை மூடியிருக்கிறது, விசிறியும் சுழல்கிறது.

மீனுக்குக் கண்ணிமை இல்லை என்பதால் இருட்டில் திடீரென்று தொட்டி விளக்கைப் போடுவதும் அதற்கு அடிபோலத்தான். முதலில் அறை விளக்கைப் போட்டு, கால்மணி நேரம் கழித்துத் தொட்டி விளக்கைப் போடுங்கள். ஒலிபெருக்கி வைத்த அதே அலமாரியில் தொட்டியை வைக்க வேண்டாம். உடலின் இரு பக்கமும் ஓடும் பக்கவாட்டுக் கோடு என்னும் உணர்வுறுப்பினால் நீரின் ஒவ்வோர் அதிர்வையும் மீன் உணர்கிறது.

துணைக்குச் சிறுமீன் கூட்டம் ஒன்றையும் சேர்க்கலாம். அவை மேலே கவலையின்றித் திரிவதைக் கண்டால், அபாயமில்லை என்று சிக்லிட்டும் தெளியும். டிஸ்கஸின் சூட்டுக்கு ரம்மிநோஸ் டெட்ரா என்னும் சிறுமீன் தாங்கும், நியான் டெட்ரா தாங்காது. வளர்ந்த ஏஞ்சலோ நியானைத் தின்றே விடும். ஏஞ்சலோடு டைகர் பார்ப் மீனைச் சேர்த்தால் துடுப்பைக் கடித்துக் குதறும்.

இரவில் குளிர்சாதனம் ஓடும் அறையில் நீர் 25 பாகைக்கு இறங்கினால் டிஸ்கஸ் சுருண்டுபோகும். நம் ஊர் வெயிலை நம்பாமல் அந்த அறைக்கு மட்டும் ஹீட்டர் வாங்குங்கள். புதிய மீன் முதல் இரண்டு மூன்று நாள் தின்னாவிட்டால் உணவைக் கொட்டாதீர்கள். மிஞ்சியது அழுகி அம்மோனியாவாகும். மாறாக, செவுள் வேகமாகத் துடித்தாலோ, கழிவு வெள்ளை நூல்போல் தொங்கினாலோ, வயிறு ஒட்டிப்போனாலோ அது கூச்சமன்று, நோயாக இருக்கலாம். சுத்தமான போத்தலில் தொட்டி நீரைக் கொண்டுவாருங்கள், கட்டணமின்றிச் சோதித்துத் தருகிறோம்.

தீபாவளிக்கு வீடு நிறைய விருந்தினர் வருவார்கள், பிள்ளைகள் கண்ணாடியைத் தட்டுவார்கள். அன்று தொட்டி விளக்கை அணைத்து, முன்பக்கத்தை ஒரு துணியால் மூடிவிடுங்கள். வெடிச் சத்தத்தில் மீன் துள்ளக்கூடும் என்பதால் மேல்மூடியையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மீன்கடைக் குடும்பத்தினர்,
ஜார்ஜ் டவுன், பினாங்கு.