எங்கள் நகர்ப் பூங்காச் சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களே, அண்ணாச்சிமாரே, அக்காமாரே, வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் மாதாமாதம் கூடியது. சந்தா பாக்கி, தெருவிளக்கு, நாய்த் தொல்லை எல்லாம் பேசினோம். பாக்கி அப்படியே இருக்கிறது. இந்த வருஷம் சொல்லும்படி நடந்தது, பூங்காவில் தரை மாறியதுதான்.

நடைபாதை ஓரம் போட்டிருந்த கொரியன் புல், பாளையங்கோட்டைச் சித்திரை வெயிலுக்குத் தாங்கவில்லை. போர் தண்ணீரும் கீழே இறங்கிவிட்டது. பதிலுக்கு என்ன வைக்கலாம் என்றபோது வெடேலியா என்ற படர்செடிக்குத்தான் அதிகம் பேர் கை தூக்கினார்கள். எப்போதும் பச்சை, மஞ்சள் பூ, பாடுபட வேண்டாம். செயற்குழு ஒத்துக்கொள்ளாததில் சிலருக்கு இன்னும் வருத்தம். அது வெப்பமண்டல அமெரிக்கச் செடி. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் இனங்களின் பட்டியலில் இருப்பது. சிறு தண்டுத் துண்டு கிடந்தாலும் கணுவில் வேர் விட்டுவிடும். நம் பூங்காவை ஒட்டி ஓடை, ஓடைக்கு அப்புறம் குளம். ஒரு மழை போதாதா?

ஆகவே தரையோடு படரும் மூலிகையான பொடுதலையை வைத்தோம். சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊரில் அதற்கு அறிமுகம் வேண்டியதில்லை. வயல் வரப்பில் கேட்டு வாங்கிய தண்டுகளை ஐப்பசி மழையோடு ஒரு சாண் இடைவெளியில் ஊன்றினோம். தைக்குள் தரை மூடிவிட்டது. இதிலிருந்தே ஜப்பானில் குராபியா என்ற ரகத்தை உருவாக்கிப் புல்லுக்குப் பதிலாக விற்கிறார்கள் என்று சொன்ன பிறகுதான் சிலருக்கு வரப்புச் செடி மேல் மரியாதையே வந்தது. ஆஸ்திரேலியாவில் மர்ரே-டார்லிங் ஆற்றுப்படுகையில் பொடுதலையின் நெருங்கிய உறவான வேறோர் இனம் பெரிய களை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே அது வந்தேறி. நம் பொடுதலை இங்கே குளத்தங்கரையில் தானாகக் கிடப்பது.

பூவுக்குத் தேனீ வருவதாகப் புகார் வந்தது. வரத்தான் செய்யும். பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடும் ஊஞ்சல் பக்கம் மட்டும் பூக்கப் பூக்க வெட்டிவிடச் சொல்லியிருக்கிறோம்.

தண்ணீர்த்தொட்டி மூலையில் யாரோ எப்போதோ வைத்த வெடேலியா இன்னும் இருக்கிறது. மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நினைத்துச் சிலர் கீரைக்குப் பறிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பூ ஒன்றுபோல்தான் தெரியும், இலையைப் பாருங்கள்: வெடேலியா இலை பெரும்பாலும் மூன்று மடலாகப் பிரிந்திருக்கும், கரிசலாங்கண்ணி இலை பிரியாமல் நீண்டு ஒடுங்கியிருக்கும். அந்த மூலையை வேரோடு எடுத்து, குப்பையில் கொட்டாமல் சாக்கில் கட்டிக் காயப்போட வேண்டும். அதற்கான ஆள் கூலிக்கு இந்தக் கூட்டம் ஒப்புதல் தரக் கேட்டுக்கொள்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்