மூடிப் பை கொடுத்த அக்காவுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

கடந்த சில மாதங்கள் எங்களுக்கு எப்படிப் போயின என்று உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்ப எழுதும் தெம்பு இன்னும் வரவில்லை. நேற்று மகள் வகுப்பு முடியும்வரை இருந்துவிட்டு, அழாமல் வெளியே வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அந்தப் பிடி இன்னும் கையில் இருக்கும்போதே இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நடுராத்திரியிலும் போனை எடுத்த டாக்டர், வேனில் அவளுக்காக ஜன்னலோர இடத்தை விட்டுவைத்த டிரைவர் அண்ணன், எங்கள் மகனைத் தங்கள் பிள்ளையாகப் பார்த்துக்கொண்ட எதிர் வீட்டுக்காரர்கள், கேட்காமலே முறை வைத்து வந்து உட்கார்ந்த மற்ற பெற்றோர்கள், பொறுமையே உருவான தெரபிஸ்ட், வகுப்பு ஆசிரியை. உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மடல் எழுத வேண்டும். ஆனால் இந்த மடலின் பெரும்பகுதி வகுப்பில் ஆயாவாக இருக்கும் அக்காவுக்குத்தான். சரியென்று நீங்களே சொல்வீர்கள்.

ஒன்றோடு ஒன்றைப் பொருத்த அவளுக்குக் கற்றுக்கொடுக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. முன்பு போய்க்கொண்டிருந்த இடத்தில் மேசைமேல் பட அட்டைகளைப் பரப்புவார்கள். நாய்க்கு நாய், பந்துக்குப் பந்து. அவள் ஒரே வீச்சில் எல்லாவற்றையும் தள்ளிவிடுவாள். ‘கவனம் இல்லை’ என்று நோட்டில் எழுதி வரும். அதே அட்டைகளை வாங்கி வீட்டிலும் அதே சண்டை போட்டேன். கடைசியில் மேசையைக் கண்டாலே அவள் தரையில் படுத்துக்கொண்டாள்.

இந்தப் பள்ளியில் மூன்றாவது வாரம். சாப்பாட்டு நேரம் முடிந்து அக்கா தண்ணீர் பாட்டில்களைக் கழுவிக்கொண்டிருந்தார். மூடிகள் தனியாக ஒரு தட்டில் கிடந்தன. மகள் போய்ப் பக்கத்தில் நின்றாள். வேலைக்கு இடைஞ்சலாக இருக்குமே என்று கூட்டிவரப் போனேன். “இருங்க தம்பி” என்றார் அக்கா.

எல்லாப் பாட்டில்களையும் ஒதுக்கிவிட்டு இரண்டை மட்டும் அவள் முன்னால் வைத்தார். ஒன்று அகன்ற வாய், ஒன்று குறுகிய வாய். ஒரே ஒரு மூடியைக் கையில் கொடுத்தார். வேறு பேச்சில்லை. மகள் அந்தப் பெரிய மூடியைக் குறுகிய பாட்டிலின் மேல் வைத்தாள். அது தொளதொளவென்று ஆடியது. எடுத்தாள். உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். அடுத்த பாட்டிலில் வைத்தாள். உட்கார்ந்துகொண்டது. அக்கா அவள் விரல்மேல் தன் விரலை வைத்து அரைச் சுற்று திருகிக் காட்டி, கையை எடுத்துக்கொண்டார். மீதியை அவளே திருகினாள். உள்ளே அலசிய தண்ணீர் கொஞ்சம் மிச்சமிருந்தது. பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தாள். சொட்டவில்லை. அக்காவின் முகத்தை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

எத்தனை நாளுக்கு அப்புறம் பார்த்த சிரிப்பு அது!

ஏன் இது நடந்தது, அது நடக்கவில்லை என்று அன்று முழுக்க யோசித்தேன். அட்டையில் தப்பு செய்தால் அதை நான்தான் சொல்ல வேண்டும், நான் சொல்லும்போது என் முகமும் சேர்ந்து மாறிவிடும். மூடி தப்பாக இருந்தால் மூடியே சொல்லிவிடுகிறது. யார் முகமும் சுருங்குவதில்லை. ஆசிரியை இன்னொன்றையும் விளக்கினார்: படம் என்பதே ஒரு படி மேலே. தட்டையான ஒரு காகிதம் ஒரு பொருளைக் குறிக்கிறது என்பதை முதலில் பிடிபட வைக்க வேண்டும். அதனால் முதலில் பொருளுக்கு அதே பொருள், அதுவும் இரண்டே இரண்டில் தொடங்கி. அப்புறம் மூன்று. அப்புறம் பொருளுக்கு அதன் போட்டோ. படத்துக்குப் படம் அதற்கும் பிறகு. நாங்கள் தலைகீழாக ஏறப் பார்த்திருக்கிறோம்.

மறுநாள் அக்கா ஒரு துணிப்பையைக் கையில் திணித்தார். தன் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் சேர்த்த பழைய டப்பாக்கள், மூடிகளோடு. எல்லாம் கழுவிக் காயவைத்தது. பார்த்த உடனே வித்தியாசம் தெரிகிற அளவுகளாகப் பொறுக்கியிருந்தார். பைக்குள்ளே இன்னொரு சின்ன முடிச்சு. அதில் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கும் நாலைந்து. “இது இப்ப வேணாம். அது நல்லா வந்தப்புறம் அவுருங்க” என்றார். எந்தப் பயிற்சிப் புத்தகமும் படிக்காதவர். அந்த முடிச்சைப் பார்த்து, வண்டியில் உட்கார்ந்து அழுதேன்.

பிறகு நானும் தேடிப் படித்தேன். மரியா மாண்டிசோரி, 1907-இல் ரோமில் ‘குழந்தைகள் இல்லம்’ என்ற தன் முதல் பள்ளியைத் தொடங்கும் முன், அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தைகளோடு வேலை செய்தவர். அவருடைய மர உருளைக் கட்டையில் வெவ்வேறு அளவில் பத்துக் குழிகள், அவற்றுக்கு ஏற்ற பத்து உருளைகள். ஒன்றைத் தப்பாகப் போட்டால் கடைசியில் ஒன்று இடமில்லாமல் நிற்கும். அக்காவின் மூடிகளும் அதே வேலையைத்தான் செய்தன. முர்ரே சிட்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1971-இல் எழுதியதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. கடுமையான அறிவுத்திறன் குறைபாடுள்ள ஒரு பையன். சொல்லைக் கேட்டுப் படத்தைக் காட்டத் தெரியும், எழுத்து தெரியாது. அவனுக்கு, கேட்ட சொல்லோடு எழுதிய சொல்லைப் பொருத்த மட்டும் இருபது சொற்களில் கற்றுக்கொடுத்தார்கள். யாரும் கற்றுக்கொடுக்காமலே எழுதிய சொல்லைப் படத்தோடு அவன் சேர்த்தான், வாய்விட்டும் வாசித்தான். பொருத்துவது எங்கே கொண்டுபோய் விடுமோ, எங்கள் மகளுக்கு அது எவ்வளவு தூரம் போகுமோ தெரியாது. போகும் தூரம் போகட்டும்.

ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். நாலு நாள் நன்றாகப் போனதும் ஆசைப்பட்டு ஆறு டப்பாக்களை ஒன்றாக வைத்தேன். பழையபடி ஒரே வீச்சு. மறுநாள் இரண்டுக்கே திரும்பினோம். இப்போது ஸ்பூனை ஸ்பூன் இருக்கும் தட்டறையில் போடுகிறாள். அம்மாவின் சாக்ஸுக்கு ஜோடி தேடுகிறாள். தன் துண்டின் போட்டோ ஒட்டிய கொக்கியில் துண்டை மாட்டுகிறாள். மூன்றில் இரண்டு தடவை சரியாக வருகிறது. ‘பயிற்சி நேரம்’ என்று இனி வீட்டில் யாரும் சொல்வதில்லை. வேலை நடக்கிறது, அவளும் கூட இருக்கிறாள்.

முடிச்சைப் போன ஞாயிற்றுக்கிழமை அவிழ்த்தோம் அக்கா. முதலில் திணறினாள். நான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தேன், உங்களைப் போல. இரண்டு மூடிகள் சேர்ந்துவிட்டன.

வீட்டில் மூடியோடு பழைய டப்பா வைத்திருப்பவர்கள் தூக்கிப் போடாமல் எனக்குக் கொடுங்கள். வகுப்புக்குப் புதிதாக வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பை, உள்ளே ஒரு சின்ன முடிச்சோடு, என் கையால் தயார் செய்து தருவேன். அக்கா, உங்கள் பையை மட்டும் திருப்பிக் கேட்காதீர்கள். அவள் தூங்கும்போதும் அதைப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். வேறு பை ஒன்று திங்கட்கிழமை கொண்டுவருகிறேன்.