பாலத்தைக் காட்டும் அஞ்சல்தலை, அதைக் கட்டியவர்களையும் காட்டட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க அஞ்சல் துறை 2023ஆம் ஆண்டில் பாலங்களைக் கருப்பொருளாகக் கொண்டு நான்கு அஞ்சல்தலைகளை வெளியிட்டது. அவற்றுள் ஒன்று, அயோவா மாநிலத்தின் தலைநகரான டி மொயினில் ஆற்றின் குறுக்கே நடப்போருக்காகவும் மிதிவண்டியில் செல்வோருக்காகவும் அமைக்கப்பட்ட பாலத்தைக் காட்டுகிறது. அந்தப் பாலத்துக்கு எந்த ஆளுநரின் பெயரும் சூட்டப்படவில்லை. அம்மாநிலத்தில் சாதனை படைத்த பெண்களைச் சிறப்பிக்கும் பெயரே அதற்கு வைக்கப்பட்டிருக்கிறது. நடைபாலம் ஒன்றின் வழியாக ஓர் ஊர் தன் மக்களுக்கு நன்றி சொல்ல முடியும் என்பதையும், அந்த நன்றியை ஓர் அஞ்சல்தலை நாடெங்கும் கொண்டுசேர்க்க முடியும் என்பதையும் அந்தச் சிறு தாள் எனக்கு உணர்த்தியது. நெடுநாளாக அஞ்சல்தலை சேகரித்து வரும் எனக்கு, சிங்கப்பூர் ஆற்றின் மேலுள்ள நம் கேவனா பாலத்துக்கும் இத்தகைய மரியாதை கிடைக்க வேண்டும் என்ற ஆவல் அதனால் வலுத்தது. அதைப் பற்றியே இக்கடிதம்.

ஃபுல்லர்ட்டன் கட்டடத்துக்கும் ஆசிய நாகரிக அரும்பொருளகத்துக்கும் இடையே சிங்கப்பூர் ஆற்றைக் கடப்பவர்கள் அனைவரும் அறிந்த பாலம் அது. 1869, 1870ஆம் ஆண்டுகளில் எழுந்த அதன் இரும்புப் பாகங்கள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வார்க்கப்பட்டுக் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. எடின்பரோ கோமகன் 1869இல் இங்கு வருகையளித்ததை ஒட்டி அவர் பெயரைச் சூட்டத்தான் முதலில் எண்ணினார்கள். பின்னர், 1859 முதல் 1867 வரை ஆளுநராக இருந்த சர் ஓர்ஃபர் கேவனாவின் பெயர் நிலைத்தது. பாலம் தாழ்வாக அமைந்துவிட்டதால், ஆற்றில் நீர் ஏறும் நேரங்களில் சரக்கேற்றிய தொங்கான் படகுகள் அதனடியில் நுழைய முடியாமல் நீர் வடியும்வரை காத்துக் கிடந்தன. 1910இல் பக்கத்திலேயே ஆண்டர்சன் பாலம் திறக்கப்பட்டு வண்டிகள் அங்கே திருப்பிவிடப்பட்டதும், கேவனா பாலம் நடப்போருக்கே உரியதாயிற்று. மூன்று ஹண்டர்ட்வெயிட்டுக்கு, அதாவது ஏறத்தாழ 152 கிலோவுக்கு, மேற்பட்ட எடையுள்ள வண்டிகளும் மாடுகளும் குதிரைகளும் பாலத்தில் ஏறக்கூடாது என்ற பழைய காவல்துறை அறிவிப்பை இன்றும் அங்கே நின்று படிக்கலாம். ஆண்டர்சன், எல்ஜின் பாலங்களுடன் சேர்த்து 2019இல் இது தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இந்தப் பாலத்துக்கும் நம் அஞ்சல் வரலாற்றுக்கும் உள்ள உறவு, நம் சேகரிப்பாளர்களிடையேகூட அதிகம் பேசப்படாத ஒன்று. 1867 ஏப்ரல் முதல் நாள்வரை, சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகியவை அடங்கிய நீரிணைக் குடியேற்றங்கள் இந்தியாவிலிருந்து ஆளப்பட்டன. இங்கிருந்து புறப்பட்ட கடிதங்களிலும் 1854 முதல் இந்திய அஞ்சல்தலைகளே ஒட்டப்பட்டன. ஆட்சி லண்டனின் நேரடிப் பொறுப்புக்கு மாறிய அதே 1867இல், செப்டம்பர் மாதம், விக்டோரியா அரசியின் தலை பொறித்த அந்த இந்திய அஞ்சல்தலைகளின் மீதே ஒரு மகுடத்தையும் சென்ட் மதிப்பையும் மேலச்சிட்டு, இம்மண்ணுக்கென முதல் அஞ்சல்தலைகளை வெளியிட்டார்கள். பழைய ஆட்சியின் கடைசி ஆளுநர்தான் கேவனா. புதிய ஆட்சி பிறந்ததை நினைவுகூரும் வகையில் எழுந்ததுதான் அவர் பெயர் தாங்கிய பாலம். ஆக, நம் முதல் அஞ்சல்தலையும் இந்தப் பாலமும் ஒரே அரசியல் மாற்றத்தின் விளைவுகள். போதாக்குறைக்கு, 1928இல் திறக்கப்பட்ட ஃபுல்லர்ட்டன் கட்டடத்தில்தான் பொது அஞ்சலகம் 1996வரை இயங்கியது. அங்கிருந்து கப்பல்துறைக்கு அஞ்சல் மூட்டைகளைக் கொண்டுசெல்ல நிலத்தடிப் பாதையே இருந்தது. ஆற்றின் வடகரையில் வேலை பார்த்த எத்தனையோ பேர் ஊருக்குக் கடிதம் போட இந்தப் பாலத்தில் நடந்துதான் அக்கரைக்குப் போயிருப்பார்கள்.

இவ்வளவும் இருந்தும், பாலத்தைக் கட்டிய கைகளைப் பற்றிப் பேசுவோர் குறைவு என்பதே என் மனக்குறை. இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் 1825 முதல் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டார்கள். சதுப்பு நிலங்களைத் தூர்த்ததும் சாலை போட்டதும் அவர்கள்தாம். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் இன்றைய அதிபர் மாளிகையான இஸ்தானாவும் அவர்கள் உழைப்பில் உயர்ந்தவை. கேவனா பாலம் அவர்கள் ஈடுபட்ட கடைசிப் பெரும் பணி எனக் குறிப்பிடப்படுகிறது. 1873இல் கைதி முகாம் மூடப்பட்டது. அவர்களை வெறும் மண் சுமந்தவர்களாக எண்ணிவிடக்கூடாது. அவர்களில் கொத்தர்கள், தச்சர்கள், கொல்லர்கள், செங்கல் சுட்டவர்கள் எனத் தொழில் தேர்ந்தவர்கள் பலர். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்சுவர்களுக்கு அவர்கள் பூசிய மதராஸ் சுண்ணாம்பு, சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் சர்க்கரையும் சேர்த்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரை விட்டுப் பதப்படுத்தி, காய்ந்தபின் கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றப்பட்டது. அந்தப் பக்குவம் அறிந்த சமூகத்தின் உழைப்பில்தான் ஆற்றின் மேல் அந்த இரும்புப் பட்டைகளும் பூட்டப்பட்டன.

அவர்கள் அனைவரும் தமிழர்கள் அல்லர். வங்காளத்திலிருந்தும் பம்பாயிலிருந்தும் மதராஸ் மாகாணத்திலிருந்தும் வந்தவர்கள் அவர்களிடையே இருந்தார்கள். ஆகவே இதைத் தமிழர்க்கு மட்டுமான உரிமைக் கோரிக்கையாக நான் முன்வைக்கவில்லை. ஆனாலும் அந்தக் கரை முழுவதும் நம்மவர் வாழ்வோடு பின்னியது என்பதை மறக்க முடியாது. ஆற்றில் சரக்குப் படகு செலுத்தும் தொழிலில் தொடக்கக் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களான சூலியாக்கள் முன்னணியில் இருந்தார்கள். பாலத்திலிருந்து சில நிமிட நடையில் உள்ள சூலியா ஸ்திரீட்டும், வட்டித்தொழில் செய்த நகரத்தாரின் கடைகளான கிட்டங்கிகள் இருந்த மார்க்கெட் ஸ்திரீட்டும் அதற்குச் சாட்சி. பாலத்தின் உச்சியில் ஆளுநர் கேவனாவின் குடும்பச் சின்னம் பொறிக்கப்பட்டிருக்கிறது. அது அங்கேயே இருக்கட்டும், அதைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. கட்டியவர்களுக்கும் ஓர் இடம் வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

குற்றவாளிகளை அஞ்சல்தலையில் போற்றுவதா எனச் சிலர் தயங்கக்கூடும். அவர்கள் தண்டனை பெற்று வந்தவர்கள் என்பதை மறைக்கத் தேவையில்லை. தண்டனைக் காலத்தில் அவர்கள் எழுப்பியவற்றைத் தேசிய நினைவுச்சின்னங்கள் என்று நாமே அறிவித்துப் பெருமைப்படுகிறோம். சின்னத்தை ஏற்றுக்கொண்டு உழைத்தவரை மட்டும் ஒதுக்குவது நியாயமாகாது. அதே வேளையில், விலங்கு பூட்டிய கால்களை வரைந்து இரக்கம் தேடும் படமும் எனக்கு உடன்பாடில்லை. அவர்களின் தொழில் திறமை தெரிய வேண்டும்.

அதற்கு வழியும் உண்டு. ஒன்றோடொன்று ஒட்டிய இரட்டை அஞ்சல்தலைகளாக வெளியிட்டால், ஒன்றில் ஆற்றின் மேல் பாலத்தின் முழுத் தோற்றத்தையும், மற்றதில் தூணிலிருந்து சரிந்திறங்கும் இரும்புப் பட்டையையும் அதை முடுக்கும் தொழிலாளியின் கைகளையும் வரையலாம். துளைக்கோட்டில் பிரிக்காமல் வைத்திருப்பவருக்கு இரண்டும் ஒரே காட்சியாகும். வெளியீட்டு நாளில் முத்திரை குத்தப்படும் முதல்நாள் உறையிலும் அதனுடன் தரப்படும் விளக்கத் தாளிலும், இந்தியக் கைதிகளின் உழைப்பில் எழுந்த பாலம் இது என்ற செய்தி நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் இருக்க வேண்டும். இது புதிய வழக்கமும் அன்று. 1967ஆம் ஆண்டின் தேசிய தின அஞ்சல்தலைகளில், துடிப்புமிக்க சிங்கப்பூரைக் கட்டியெழுப்புவோம் என்ற பொருள் தரும் முழக்கம் ஆங்கிலத்துடன் சீனத்திலும் மலாயிலும் தமிழிலும் இடம்பெற்றது. விடுதலை பெற்ற இரண்டே ஆண்டுகளில், வசதிகள் குறைவாக இருந்த காலத்தில் அது கைகூடியது.

படத்துக்கு எடுப்பானது மரினா பேயில் உள்ள ஹீலிக்ஸ் பாலம்தான் என்று வாதிடுவோரும் இருப்பார்கள். 2010இல் திறக்கப்பட்ட, 280 மீட்டர் நீளமுள்ள அந்தச் சுருள் வடிவ நடைபாலம் இரவு விளக்கொளியில் கண்ணைப் பறிக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் சுற்றுலாப் படங்களில் அது நாள்தோறும் உலகெங்கும் போய்க்கொண்டிருக்கிறது. அஞ்சல்தலையின் துணை அதற்கு அவ்வளவாகத் தேவைப்படவில்லை.

அஞ்சல்தலைக் கருப்பொருள்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் உள்ளவர்கள், தேசிய மரபுடைமைக் கழகத்துடனும் இந்திய மரபுடைமை நிலையத்துடனும் கலந்து இதனைப் பரிசீலிக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். அப்படி ஓர் அஞ்சல்தலை வெளிவரும் நாளில், முதல்நாள் முத்திரை குத்தும் மேசையைப் பழைய பொது அஞ்சலகத்தின் பக்கமாகப் பாலத்தின் தென்முனையில் போட்டால், பள்ளி மாணவர்கள் உறையைக் கையில் வைத்துக்கொண்டே பாலத்தையும் நடந்து பார்க்க முடியும்.

இப்படிக்கு,
அஞ்சல்தலை சேகரிக்கும் வாசகர் ஒருவர்,
ஈசூன்