மலைக்காரர் திரும்பச் சொன்னால் திரும்பவேண்டும்: வனத்துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு வனத்துறை அதிகாரிகளுக்கும், சேலம் வனக்கோட்டத்தில் பணியாற்றும் அனைவருக்கும் வணக்கம்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் இரண்டு இரவு தங்கி மூன்று பகல் நடக்கிற மாதிரி ஒரு நடைப்பயணத்தை நீங்கள் தொடங்கவேண்டும், அதை அந்த மலையிலேயே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் (கேரளத்தவரைச் சொல்லவில்லை) கையில் கொடுக்கவேண்டும் என்று கேட்டு இதை எழுதுகிறேன். எந்த வழியாகப் போவது, எங்கே தங்குவது, எப்போது பாதியில் திரும்புவது என்று முடிவெடுக்கும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். முன்னால் நடக்க ஓர் ஆள், மூட்டை தூக்க ஓர் ஆள் என்று தினக்கூலிக்கு அமர்த்துவதோடு நின்றுவிடுமானால், இந்தத் திட்டமே வேண்டாம்.

2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளைத் திறந்தீர்கள். உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக்கினீர்கள். நல்ல காரியம், மனதாரப் பாராட்டுகிறேன். சேலம் மாவட்டத்துக்கும் அதில் இடம் கிடைத்தது. ஆனால் பெரும்பாலும் காலையில் கிளம்பிப் பொழுது சாய்வதற்குள் முடிந்துவிடுகிற நடைகள்தான் அவை.

சேலத்துக்காரர்கள் எங்களுக்கே ஏற்காடு என்றால் இருபது கொண்டை ஊசி வளைவு, ஏரியில் படகு, பகோடா பாயிண்டில் ஒரு போட்டோ, சூடாக மிளகாய் பஜ்ஜி, இருட்டுவதற்குள் வீடு. அதற்குப் பின்னால் மாரமங்கலம், செம்மநத்தம், வெள்ளக்கடை, தலைச்சோலை என்று ஊராட்சிகள் விரிந்து கிடப்பது பலருக்குத் தெரியாது. மலையாளி மக்கள் இந்த மலையைச் சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என்று மூன்று நாடாகப் பிரித்து வைத்திருந்தார்கள். மூன்று நாள் நடைக்கு இதைவிடப் பொருத்தமான கணக்கு ஏது? சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறிய காப்பித் தோட்டத்தில் தொடங்கினால், இறங்க இறங்கக் காற்று சூடாகி, மூங்கிலும் முள்ளும் வந்துவிடும். ஒரே மலையில் இத்தனை காடு இருப்பது காலில் நடந்தால்தான் புரியும். இரவு ஊரில் தங்கி, சாமைச் சோறு சாப்பிட்டு, அந்த வீட்டுப் பெரியவரிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு வருகிறவன் அந்தக் காட்டில் பிளாஸ்டிக் பாட்டிலை வீசமாட்டான் என்று நம்புகிறேன்.

ஆனால் நடை நீள நீள ஆபத்தின் தன்மையும் மாறுகிறது. அரை நாள் நடையில் மழை வந்தால் ஓடி இறங்கிவிடலாம். இரண்டாம் நாள் மத்தியானம், ரோட்டுக்கு ஐந்து மணி நேரம் தள்ளி நிற்கும்போது ஓடி இறங்க இடமில்லை. 2024 ஜூனில் உத்தராகண்டின் சகஸ்திர தால் பாதைக்குக் கர்நாடகத்திலிருந்து போன 22 பேர் குழு திரும்பும் வழியில் மோசமான வானிலையில் சிக்கியது; ஒன்பது பேர் இறந்துபோனார்கள். நம் குரங்கணியை நான் நினைவூட்டவேண்டியதில்லை. 2018 மார்ச் 11 அன்று காய்ந்த புல்சரிவில் பரவிய தீயில் சிக்கி 23 உயிர்கள் போயின. அதற்கப்புறம்தான் மலையேற்றத்துக்கென்று விதிகள் வந்தன, பாதைகள் எளிது, நடுத்தரம், கடினம் என்று வகைப்பட்டன. தேவையான விதிகள்தான். ஆனாலும் ஆபத்து வருகிற அந்த நிமிடத்தில் யாருடைய சொல் செல்லும் என்கிற கேள்வி அப்படியே இருக்கிறது.

செம்மநத்தம் பக்கம் ஒரு தனியார் ஏற்பாட்டாளர் கூட்டிப்போன நடையில் நானும் இருந்தேன். முன்னால் போன உள்ளூர் அண்ணன் சட்டென்று நின்றார். பாதையில் காட்டெருமைச் சாணி. குனிந்து குச்சியால் கிளறிப் பார்த்தார். மேலே பொருக்குத் தட்டவில்லை, உள்ளே சூடு இருந்தது. பக்கத்தில் மேய்ந்த புல்லின் நுனி இன்னும் ஈரமாக இருந்தது. “கன்னு போட்ட மாடு மாதிரி தெரியுதுங்க, அந்தத் தோட்டத்து வேலி ஓரமா சுத்திப் போயிடலாம்” என்றார். சுற்றினால் முக்கால் மணி நேரம் கூடும். குழுவில் ஒருவர், “பாயிண்ட் இதோ தெரியுது, காசு கட்டித்தானே வந்திருக்கோம்” என்றார். ஏற்பாட்டாளரும் நேராகவே போகலாம் என்றுவிட்டார். அண்ணன் அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தார், அப்புறம் ஒன்றும் பேசவில்லை. அன்றைய கூலி அந்த மனிதரின் கையிலிருந்துதான் வரவேண்டும். அசம்பாவிதம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் சாணியைத் தொட்டுப் பார்த்துச் சொன்னவரின் சொல்லுக்கு அங்கே எந்த மதிப்பும் இல்லை. காடு தெரிந்தவர் வாயை மூடிக்கொள்ளவேண்டிய ஏற்பாட்டில் எத்தனை விதி எழுதி என்ன பயன்?

தேக்கடியில் என்ன செய்தார்கள் என்று உங்களுக்கே தெரியும். பெரியாறு புலிகள் காப்பகத்தில் திருட்டுத்தனமாக வயணா என்கிற காட்டு லவங்க மரத்தின் பட்டையை உரித்துக்கொண்டிருந்தவர்களை 1990-களின் கடைசியில் ஒரு குழுவாக்கி, காட்டுக்குள் இரவு தங்கும் நடைக்கு அவர்களையே வழிகாட்டிகளாக்கியது கேரள வனத்துறை. கூடவே துப்பாக்கியோடு ஒரு வனக்காவலர் போகிறார். வருகிறவர்கள் ஒரு சிறு குழு, அவ்வளவுதான். வழக்கு வாங்கிக்கொண்டிருந்தவர்களிடமே காட்டைக் காக்கும் வேலையை நம்பிக் கொடுத்தார்கள். சேர்வராயனில் தலைமுறை தலைமுறையாகத் தேனெடுத்தும் வெள்ளாமை செய்தும் வாழ்கிறவர்களை நம்புவதில் நமக்கென்ன தயக்கம்?

வழிகாட்டி ‘திரும்பலாம்’ என்றால் பேச்சு அங்கே முடியவேண்டும். பதிவு செய்யும்போதே வருகிறவர்களிடம் இதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பாதியில் திரும்பினாலும் வழிகாட்டிக்கு முழுக்கூலி என்று எழுதிவையுங்கள். கூலி உங்கள் கணக்கிலிருந்து நேராக அவருக்குப் போகட்டும். பள்ளத்தில் செல்போன் எடுக்காது. வனச்சரக அலுவலகத்தோடு பேச ஒரு வாக்கி டாக்கி அவர் கையில் இருக்கட்டும். சுள்ளிக்கும் தேனுக்கும் காடு சுற்றிய பெண்களுக்கும் தடம் தெரியும், அவர்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். தீக்காலத்தில் பாதைகளை மூடுவது சரிதான், ஆனால் அந்த மாதங்களில் இவர்கள் அடுப்பு எப்படி எரியும்? தீத்தடுப்புக் கோடு வெட்டவும் தீ பார்க்கவும் அவர்களையே வையுங்கள்.

புல்மேட்டில் கூடாரம் வேண்டாம். உத்தராகண்டில் மலைப் புல்வெளிகளில் இரவு தங்குவதையே உயர் நீதிமன்றம் 2018-ல் தடை செய்யவேண்டி வந்தது. இங்கேயும் வார இறுதியில் வந்துபோகிறவர்கள் கல் கூட்டித் தீ மூட்டிய கரி வட்டங்களும் நூடுல்ஸ் உறைகளும் பாறைமேல் கிடக்கின்றன. ஊரில் தங்குவதுதான் எல்லாருக்கும் நல்லது. பெரு நாட்டின் இன்கா பாதையில் சுமைகாரர்களையும் சேர்த்து ஒரு நாளைக்கு 500 பேர்தான், பராமரிப்புக்காகப் பிப்ரவரி முழுக்க மூடல். நம் மலை சிறியது, ஒரு வாரத்துக்கு ஒரு குழு போதும்.

இன்னொன்று. நடக்க வருகிறவர்களுக்காக முதலுதவிப் பெட்டியும் தூக்குப்படுக்கையும் வைப்பீர்கள். வழியில் இருக்கும் ஊர்க்காரர்களுக்கும் அவை பயன்படட்டும். பிரசவ வலி கண்ட பெண்ணைத் தொட்டில் கட்டித் தூக்கிவரும் ஊர் வழியாக, டவுனிலிருந்து வந்தவனுக்கு மட்டும் ஸ்ட்ரெச்சர் போவது நியாயமில்லை.

வரும் அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டங்களுக்கு உங்கள் அலுவலர்களை அனுப்புங்கள். பாதையை வரைந்து முடித்துவிட்டுக் கையெழுத்துக்காக எடுத்துப்போகவேண்டாம். பாதையே போடாத வரைபடத்தோடு போய், எங்கே நடக்கலாம், எங்கே கூடாது, எது சாமி காடு என்று அவர்களையே குறிக்கச் சொல்லுங்கள். வேண்டாம் என்கிற ஊரை விட்டுவிடுங்கள். சம்மதித்த ஊர்களின் வழியாக, மழை ஓய்ந்த டிசம்பர் கடைசியில், பொதுமக்களுக்குப் பதிவு திறப்பதற்கு முன்பு உங்கள் அதிகாரிகளே முதல் குழுவாக அந்த மூன்று நாளும் நடந்து பாருங்கள். வழிகாட்டி திரும்பச் சொன்னால் அன்றைக்கு நீங்களும் திரும்புங்கள்.

இப்படிக்கு,
மலையடிவாரத்து வாசகன் ஒருவன்,
அஸ்தம்பட்டி, சேலம்.