அழகையாவும் நம் வீட்டுக் கிணறும்

போர்ட்ஸ்மத், இங்கிலாந்து,
30.7.2023

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். ஆடி பிறந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. நம் வாய்க்காலில் இன்னும் தண்ணீர் எட்டிப் பார்க்கவில்லை என்று அம்மா சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். மேட்டூரைத் திறந்தால் மட்டும் போதுமா, கடைமடைக்கு வந்து சேர வேண்டுமே. விதைப்புக்கு உழுது போட்டுவிட்டீர்களா?

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனை எடுத்தால் பாப்பாவின் சளி, அம்மாவின் முட்டிவலி என்று பேச்சு வேறெங்கோ போய்விடுகிறது. அதோடு, இதை உங்களிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

போன திங்கள்கிழமை, ஜூலை 24, ஜார்ஜ் அழகையா இறந்துவிட்டார். பிபிசி டிவியில் ஆறு மணிச் செய்தி வாசித்தவர். 67 வயது. ஒன்பது வருஷமாகக் குடல் புற்றுநோய்.

இங்கே வந்த புதிதில் எனக்குத் தொடர்ந்து நைட் டியூட்டி. பகலில் தூங்கி ஐந்து மணிக்கு எழுந்து, டீ போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்காருவேன். வார்டில் மற்றவர்கள் பேசும் இங்கிலீஷ் பாதிதான் புரியும். இவர் பேசினால் ஒரு வார்த்தை விடாமல் புரியும். அவசரமே இல்லாமல், எதிரில் இருப்பவருக்குச் சொல்வதுபோலச் சொல்வார். பெயரை இவர்கள் "அலகாய்யா" என்பார்கள். எந்த நாட்டுப் பெயரோ என்று நினைத்திருந்தேன். ஒருநாள் திரையில் எழுத்தைப் பார்த்த பிறகுதான் நம்ம அழகையா என்று உறைத்தது. டீ ஆறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன், அப்பா.

1955-ல் கொழும்பில் பிறந்த தமிழர். அப்பா இன்ஜினியர். 1961-ல் குடும்பத்தோடு ஆப்பிரிக்காவில் கானாவுக்குப் போனார்கள். அப்புறம் சின்னப் பையனாக இந்தப் போர்ட்ஸ்மத்துக்கே ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்பட்டார். நான் தினம் பஸ்ஸில் போகும் ஊரில்தான் அந்தப் பிள்ளை குளிரில் படித்திருக்கிறது. 1989-ல் பிபிசியில் சேர்ந்து, ஜோகன்னஸ்பர்க்கில் இருந்துகொண்டு ஆப்பிரிக்காவைப் பற்றிச் செய்தி அனுப்பினார். ருவாண்டா படுகொலையைப் போய்ப் பார்த்து உலகத்துக்குச் சொன்னவர். மண்டேலாவைப் பேட்டி எடுத்தவர். 2003-லிருந்து ஆறு மணிச் செய்தி. நடுநடுவே சிகிச்சைக்காகச் சில மாதம் காணாமல் போவார், மறுபடியும் வந்து உட்காருவார். கடைசியாகப் போன அக்டோபரில் விடுப்பு எடுத்தார். இந்தத் தடவை திரும்பவில்லை.

திங்கள் இரவு டியூட்டிக்குப் போனபோது எண்பது தாண்டிய ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜார்ஜ் போய்விட்டாரே, உங்க ஊர்க்காரரா?" என்று கேட்டார். சொந்தக்காரரைச் சொல்வதுபோல வெறும் "ஜார்ஜ்". எங்களுக்கும் அவர் பிறந்த ஊருக்கும் நடுவே கடல்தான் என்றேன். நீங்கள் சொல்வீர்களே, சென்னை டிவி நமக்குத் தெரியாத காலத்தில் உயரமாகக் குழாய் நட்டு, ஆன்டெனாவை இலங்கைப் பக்கம் திருப்பி ரூபவாகினி பார்த்தோம் என்று. அதையும் அந்தப் பாட்டிக்குச் சொன்னேன்.

சரி, சொல்ல வந்ததற்கு வருகிறேன். இங்குள்ள நூலகத்தில் அழகையா எழுதிய புத்தகம் ஒன்றை எடுத்து வந்தேன். 1991, 92-ல் சோமாலியாவில் பஞ்சமும் சண்டையும். ஒரு குக்கிராமத்தில் குடிசை குடிசையாகப் போகிறார். பட்டினியில் எலும்பாகிப்போன ஒரு மனிதர் இவரைப் பார்த்து ஒரு கணம் சிரிக்கிறார். சந்தோஷச் சிரிப்பு இல்லை, வரவேற்கும் சிரிப்பும் இல்லை. இவருக்கு அது பிடிபடவே இல்லை. மொழிபெயர்ப்பவரை அனுப்பிக் கேட்கச் சொல்கிறார். இந்தக் கோலத்தில் உங்கள் கண்ணில் பட்டுவிட்டேனே என்ற கூச்சம், அதுதான் சிரித்தாராம்.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். எனக்கு நீங்கள் தெரிந்தீர்கள்.

2004 டிசம்பர் 26, சுனாமி. எனக்குப் பன்னிரண்டு வயது. கதிர் வாங்கிய வயலில் கடல் புகுந்து வடிந்து மூன்றாம் நாள். பள்ளிக்கூட வாசலில் அரிசிக்கு வரிசை நின்றது. நீங்கள் அம்மாவின் கட்டைப் பையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். வருஷா வருஷம் களத்தில் நெல் அளந்து கொடுத்த கை. ஏதோ ஒரு டிவிக்காரர்கள் வந்து கேமராவை நேரே உங்கள் முகத்துக்குக் கொண்டுவந்தார்கள். நீங்கள் சிரித்தீர்கள். பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனீர்கள். ராத்திரி திருத்துறைப்பூண்டியில் சொந்தக்காரர் வீட்டு டிவியில் அது வந்தது. "ஊரே அழுவுது, இவருக்குச் சிரிப்பைப் பாரு" என்று யாரோ சொன்னார்கள். நீங்கள் எழுந்து வாசலுக்குப் போய் இருட்டில் நின்றீர்கள். அன்றைக்கு எனக்கும் உங்கள்மேல் கோபம்தான், அப்பா. ஏன் சிரித்தீர்கள் என்று மனசுக்குள் இத்தனை வருஷம் வைத்திருந்தேன். அதற்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன்.

கேமராவோடு வந்தவர்களுக்கு ஒரு நிமிஷம் நின்று கேட்கத் தோன்றவில்லை. அழகையாவுக்குத் தோன்றியது. அந்த மனிதரின் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டேனே என்பது அவர் மனதில் தங்கிப்போயிருக்கிறது.

அதே அலை இலங்கையையும் அடித்தது இல்லையா, அவர் அங்கேயும் போயிருக்கிறார். அவருடைய பாட்டி வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை. அக்கா தங்கைகளோடு விளையாடிய பழைய கிணற்றை வைத்துத்தான் இடத்தை அடையாளம் கண்டுகொண்டாராம். அந்தக் கிணறும் உபயோகப்படாமல் போய்விட்டது. நம் கிணறு நினைவுக்கு வந்தது. இறைக்க இறைக்கக் கரித்தது. காலையில் பல் விளக்கியதும் ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்ப்பீர்கள், துப்பிவிடுவீர்கள். மூன்றாம் வருஷம் ஐப்பசி மழைக்குப் பிறகு ஒருநாள் துப்பாமல் விழுங்கினீர்கள். நான் திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று, இது நர்ஸாகச் சொல்வது. அழகையாவுக்கு 2014-ல் நோயைக் கண்டுபிடித்தபோதே முற்றிய நிலை. ஸ்காட்லாந்தில் 50 வயதானால் மலப் பரிசோதனைப் பை வீட்டுக்கே தபாலில் வந்துவிடும். இங்கிலாந்தில் அப்போது 60 ஆக வேண்டும். அவருக்கு 58. ஸ்காட்லாந்தில் இருந்திருந்தால் முன்கூட்டியே தெரிந்திருக்கும் என்று வெளிப்படையாகச் சொல்லி, இங்கேயும் வயதைக் குறைக்கச் சொல்லிப் பேசிவந்தார். தன் நோயைக்கூட மற்றவர்களுக்கு உதவும் செய்தியாக்கிய மனிதர்.

உங்களுக்கு 62. பங்குனியில் ரத்தம் போனதை மூலம் என்று சொல்லி நாட்டு மருந்தோடு நிறுத்திவிட்டீர்கள் என்று தம்பி சொன்னான். மூலமாகவே இருக்கலாம். ஆனாலும் பார்க்காமல் விடக்கூடாது. ஆடிப்பெருக்கு முடிந்ததும் தம்பியைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர் மெடிக்கல் போங்கள். டாக்டரிடம் கூச்சப்படாமல் எத்தனை நாள், எப்படிப் போனது என்று எல்லாவற்றையும் சொல்லுங்கள். சீட்டைத் தம்பி போட்டோ எடுத்து எனக்கு அனுப்பட்டும்.

அம்மாவுக்கு முட்டிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் அன்பு மகள்