திரும்பி வந்த காலி பாக்கெட்டுகள்

திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

அன்பு மகளுக்கு,

இங்கு நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் இரண்டு நாள் நடந்த தொழில்நுட்ப, வணிக மாநாட்டுக்கு என்னையும் அழைத்துச் சென்றாய். என்னை ஊருக்குக் கொண்டுவந்து விடும் வழியில், மரக்காணம் தாண்டியதும், "அப்பா, உங்கள் மனத்தில் எது நின்றது?" என்று கேட்டாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. பத்து நாளாக அதையே நினைத்துக்கொண்டிருந்துவிட்டு இப்போது எழுதுகிறேன்.

உன் முந்திரிப்பருப்பு வியாபாரத்துக்கு நான்கு வயதாகிறது. விற்பனை இருந்தும், இந்தப் பிராண்டு எதற்காக இருக்கிறது என்று கேட்டால் உன் கூட்டாளிகள் ஆளுக்கொரு பதில் சொல்வதாக வருந்தினாய். அதற்கான ஊக்கத்தைத் தேடித்தான் அவ்வளவு கட்டணம் கட்டிப் போனாய் என்பதை நான் அறிவேன். மேடையில் பேசியவர்களில் பலர் நோக்கத்தை எப்படிச் சொல்வது என்று விளக்கினார்களே தவிர, அது எப்படி உண்டாகிறது என்று சொல்லவில்லை. அமெரிக்காவின் பேட்டகோனியா ஆடை நிறுவனத்தைப் பற்றிப் பேசியவர் மட்டும் விதிவிலக்கு. 2011 நவம்பரில், ஆண்டின் பெரிய விற்பனை நாளன்று, அந்த நிறுவனம் தன் மேல்சட்டையை வாங்க வேண்டாம் என்று தானே செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தது. அந்த ஒரு சட்டைக்கு 135 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும் அதிலேயே அச்சிட்டது. 2022இல் நிறுவனர் இவோன் ஷூயினார் குடும்பம் முழு உடைமையையும் ஓர் அறக்கட்டளைக்கும் இயற்கையைக் காக்கும் ஓர் அமைப்புக்கும் எழுதிக் கொடுத்துவிட்டது. அதைக் கேட்டு அரங்கமே கைதட்டியது, நானும் தட்டினேன். ஆனால் என் நினைவு அங்கிருந்து நேராக நம் கடைக்கு வந்துவிட்டது.

நம் கடலூர்க்காரர் சின்னிகிருஷ்ணனைப் பற்றி நீ சிறுமியாக இருந்தபோது சொல்லியிருக்கிறேன். முகப்பவுடர் தகர டப்பாவில் மட்டுமே விற்ற நாளில், அவர் அதை 100 கிராம், 50 கிராம், 20 கிராம் பாக்கெட்டுகளாக்கினார். பேதி உப்பை 5 கிராம் அளவுக்குக் கூட மடித்துக் கொடுத்தார். கூலித் தொழிலாளியும் ரிக்‌ஷா இழுப்பவரும் வாங்க முடிகிற பொருளைத்தான் செய்ய வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அவர் மகன் ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொழில் தொடங்கியபோது, தந்தையின் பெயரிலிருந்தே எழுத்துகளை எடுத்து 'சிக்' ஷாம்பு என்று பெயர் வைத்தார். கிராமங்களில் ஒரு சிறுவனை உட்காரவைத்து, எல்லோரும் பார்க்கத் தலைக்குத் தேய்த்துக் குளிப்பாட்டி, முடியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி விற்றார்கள்.

ஷாம்பு புட்டி நம் கடை அலமாரியில் மாதக்கணக்கில் தூசி படிந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் விற்க வரும் பெண்கள் அதைக் கையில் எடுத்து, விலை கேட்டு, வைத்துவிட்டுப் போவார்கள். பாக்கெட்டுகளைச் சரமாகத் தொங்கவிட்ட பிறகு, அதே பெண்கள் கூடையை இறக்கிவைத்துவிட்டு, வெள்ளிக்கிழமைக் குளியலுக்கு என்று கணக்காக ஒன்றைக் கிழித்து வாங்கிச் சென்றபோது அவர்கள் நடையே வேறாக இருந்தது. எதையும் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகும் நிலை ஒரு மனிதரை எவ்வளவு கூசவைக்கும் என்பது கல்லாவில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும், பாப்பா. மாநாட்டில் நீ தேடிய 'நோக்கம்' என்ற சொல்லுக்கு, அந்தக் கூச்சத்தைப் போக்குவதுதான் நான் அறிந்த பொருள்.

அதே கதையின் மறுபக்கத்தையும் நான் சொல்லியாக வேண்டும். எந்த நிறுவனத்தின் காலி ஷாம்பு பாக்கெட் ஆனாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று ஒரு திட்டம் வந்தது. பின்னர் சிக் பாக்கெட்டுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். வாடிக்கையாளரைத் தம் பக்கம் இழுக்கச் செய்த திட்டம்தான் அது. ஆனாலும் அந்த நாள்களில் பிள்ளைகள் தெருவெல்லாம் பொறுக்கிக்கொண்டு வந்து கொட்டுவார்கள், நான் ஐந்தைந்தாக எண்ணி வாங்குவேன். திட்டம் நின்றதும் காலி பாக்கெட் வருவதும் நின்றது. பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்காக ஒட்டிய அந்த உறையைப் பிரித்தெடுக்க முடியாது என்பதால் காயலான் கடையிலும் வாங்கமாட்டார்கள். 2015 வெள்ளத்தின்போது நம் தெருச் சாக்கடையை நானும் பக்கத்து வீட்டாரும் மண்வெட்டியால் தூர்வாரினோம். அடைத்திருந்தவற்றில் எல்லா நிறுவனங்களின் பாக்கெட்டுகளும் இருந்தன. அவற்றில் எத்தனையோ என் கையால் கிழித்துக் கொடுத்தவை. அன்று எனக்கு உறக்கம் வரவில்லை.

இன்னொன்று சுருக்கமாக. என் கண்ணில் இப்போது இருக்கும் லென்ஸ் தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையில் வைத்தது. டாக்டர் வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கியது அந்த மருத்துவமனை. வெளிநாட்டு லென்ஸ் ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்ததால் 1992இல் ஆரோலேப் என்று தாங்களே லென்ஸ் செய்யத் தொடங்கினார்கள். மாநாட்டில் காட்டிய தொழில்நுட்பங்களை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். யாருக்கு எது எட்டவில்லை என்று முதலில் கண்டவர்கள், கருவியைப் பிறகு தேடியிருக்கிறார்கள்.

சென்ற வாரம் உன்னிடம் சொல்லாமல் காடாம்புலியூருக்குப் போய்வந்தேன். உன் முந்திரி வரும் கொட்டகையில் பெண்கள் சாம்பலைத் தொட்டுக்கொண்டு கொட்டை உடைக்கிறார்கள். அப்படியும் கொட்டையின் ஓட்டிலிருக்கும் எண்ணெய் பட்டு விரல்களில் தோல் உரிந்திருக்கிறது. 2011இல் தானே புயல் சாய்த்த தோப்புகளில் மறுபடி நட்டு வளர்த்த மரங்களின் கொட்டை அது. உன் இணையதளத்தில் மரமும் பருப்பும் அழகாக இருக்கின்றன, அந்தக் கைகள் இல்லை. கையுறைக்கும் கூலி உயர்வுக்கும் கிலோவுக்கு எவ்வளவு ஆகும் என்று அங்கேயே கேட்டுக் கணக்கெழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். உன் லாபம் குறையும். அதை உன் கூட்டாளிகள் முன் வைத்துப் பேசு. அங்கே யார் என்ன சொல்கிறார்கள் என்பதில் உங்கள் பிராண்டின் நோக்கம் உனக்கே தெரிந்துவிடும்.

உன் 50 கிராம் பாக்கெட்டும் அதே பல அடுக்கு உறைதான். காலி உறையைத் திரும்ப வாங்க மஞ்சக்குப்பத்தில் என் பழைய நண்பர் தம் கடையில் ஒரு பெட்டி வைக்க இடம் தருகிறார். பெட்டியை நான் செய்யக் கொடுத்துவிட்டேன். சேர்கிற உறைகளை எங்கே அனுப்புவது என்பதை நீ விசாரித்து எழுது. அடுத்த வெள்ளிக்கிழமை நீ வந்தால், இருவருமாகக் காடாம்புலியூருக்குப் போய், அந்தப் பெண்களோடு உட்கார்ந்து பேசிவிட்டு வரலாம்.

அன்புடன்,
அப்பா